மருந்துப் பையோடு தீம் பார்க் போகலாமா?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தீம் பார்க் வாசல். பத்தரை மணிக்கே வெயில் தகிக்கிறது. டிக்கெட் வாங்கியாகிவிட்டது, பை சோதனை மட்டும்தான் பாக்கி. மேசை மேல் ஓர் அம்மாவின் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. மாற்றுத்துணி, துண்டு, தேங்காய் எண்ணெய். அதற்கடியில் குளுக்கோஸ் பொடி, இரண்டு பிஸ்கட் பாக்கெட், சின்ன டெட்ரா பேக் ஜூஸ், ஜிப் வைத்த நீலநிறக் கைப்பை ஒன்று. செக்யூரிட்டி அந்த ஜிப்பைத் திறக்கிறார். இன்சுலின் பேனா, ஊசி முனைகள், குளுக்கோமீட்டர்.

“என்னம்மா இது, ஊசியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

“பாப்பாவுக்கு சுகர்ண்ணா.”

பாப்பாவுக்குப் பத்து வயதிருக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். “இந்த வயசுலயா? ஸ்வீட் நிறையத் தின்னுவாளோ?” என்று ஒரு பாட்டி வாய்விட்டே கேட்கிறார். பாப்பா சட்டைக் கையைக் கீழே இழுத்து, மேற்கையில் ஒட்டியிருக்கும் வட்டமான சென்சாரை மறைத்துக்கொள்கிறாள். சூப்பர்வைசர் வருகிறார். செல்போனில் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு இன்சுலினை மட்டும் உள்ளே விடுகிறார். பிஸ்கட்டும் ஜூஸும் வாசலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே எல்லாம் கிடைக்கும் என்கிறார்.

கிடைக்கும்தான். ஆனால், ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும் பிள்ளைக்கு அடுத்த சில நிமிடங்களுக்குள் இனிப்பு வாய்க்குள் போக வேண்டும். ஃபுட் கோர்ட்டில் கூப்பன் வாங்க ஒரு வரிசை, ஜூஸ் வாங்க இன்னொரு வரிசை என்று நின்றுகொண்டிருக்க முடியாது.

நோயோடு வாழ்பவர்களிடமும் அவர்களின் குடும்பங்களிடமும் பேசினால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இதுதான். அவர்களைத் தடுப்பது ராட்டினத்தின் உயரமோ வேகமோ அல்ல. வாசல், வரிசை, நிழலில்லாத பாதை, லாக்கர். இந்த நான்கும் மனிதர்கள் போட்ட ஏற்பாடுகள். மாற்றக்கூடியவை.

எத்தனை பேர் இப்படி?

விஜிபி, எம்ஜிஎம், பூந்தமல்லி குயின்ஸ்லேண்ட், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்று தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பழகிய பெயர்களோடு, திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் 2025 டிசம்பரில் சேர்ந்துகொண்டது. கோடை விடுமுறை, காணும் பொங்கல், பள்ளி டூர் என்று வருடம் முழுவதும் கூட்டம்தான்.

அந்தக் கூட்டத்தில் நோயாளிகள் அபூர்வம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். ஒரு வேனில் வந்து இறங்கும் கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்காவது சுகரோ, பிபியோ, வீசிங்கோ இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். பெரும்பாலும் அவர் ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருப்பது. முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு!

லாக்கருக்குள் போய்விடும் உயிர்

டைப் 1 சர்க்கரை நோய் இனிப்பு தின்று வருவதல்ல. இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களை உடம்பின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை, இது வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்று அதே பிள்ளைகள் சறுக்கில் ஏறுகிறார்கள். ஆனால், தண்ணீர் பூங்காவில் ஒரு நாள் என்பது அவர்கள் உடம்பில் என்னென்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் வாசலில் நின்ற அந்த அம்மா ஏன் பிஸ்கட்டும் ஜூஸும் பையில் எடுத்து வந்தார் என்பது புரியும்.

பெரிய ரைடில் ஏறும் முன் வரும் படபடப்பில் அட்ரினலின் சுரந்து சர்க்கரை ஏறும். அதைப் பார்த்துப் பயந்து கூடுதலாக இன்சுலின் போட்டுவிட்டால் ஆபத்து. ஏனென்றால் அடுத்த இரண்டு மணி நேரம் நீச்சல், படியேற்றம், ரெய்ன் டான்ஸ் என்று பிள்ளை ஆடித் தீர்க்கும்போது சர்க்கரை இறங்கத் தொடங்கும். வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் போட்ட இன்சுலினும் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் சேரும்.

இதைக் கண்காணிக்கத்தான் கையில் சென்சார். இறங்கினால் செல்போனில் அலாரம் அடிக்கும். அந்த செல்போன் எங்கே இருக்கிறது? லாக்கருக்குள். ரைடுகளில் போன் கூடாது, தண்ணீரிலும் கூடாது. அலாரம் யார் காதிலும் விழாமல் இரும்புப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருக்கும். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலரும் அங்கேதான் கிடக்கும். குளோரின் நெடியும் குளிர்ந்த தண்ணீரும் மூச்சைப் பிடிக்கும்போது, அறுநூறு அடி ஈரத்தரையில் ஓடிப்போய் லாக்கர் சாவியைத் தேட வேண்டும். கழுத்தில் மாட்டும் வாட்டர்ப்ரூஃப் பை ஒன்று இந்தப் பிரச்னையில் பாதியைத் தீர்க்கும். பூங்கா அதை உள்ளே அனுமதித்தால்.

சென்சாரும் தண்ணீருக்கு நிபந்தனை இல்லாமல் ஈடுகொடுக்காது. இங்கே பலரும் பயன்படுத்தும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்வரை தாங்கும். வேவ் பூலில் மணிக்கணக்கில் ஊறினால் ஒட்டு விட்டு உரிந்துவிடும். மேலே ஒரு டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. விரலில் குத்திப் பார்ப்பவர்களுக்கும் ஒரு விஷயம். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய ஈர விரலில் ரத்தம் நீர்த்துப்போய் அளவு குறைத்துக் காட்டும். மாம்பழ ஜூஸ் ஒட்டிய விரல் கூட்டிக் காட்டும். கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவை ஈரக் கையோடு திறக்கவே கூடாது.

இன்சுலின் பம்ப் பொருத்தியிருப்பவர்கள், காந்த விசையில் இயங்கும் ரைடுகளிலும் அதிவேக ரைடுகளிலும் ஏறுமுன் அதைக் கழற்றிவிடும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கழற்றியதை மறுபடி மாட்ட மறந்து சறுக்கிலிருந்து சறுக்குக்கு ஓடினால், சில மணி நேரத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறிவிடும்.

பெற்றோர்களுக்கு உண்மையான பரீட்சை வீடு திரும்பிய பிறகுதான். நாள் முழுக்க உழைத்த தசைகள் காலியான தங்கள் சர்க்கரைக் கையிருப்பை இரவில் ரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கின்றன. அசந்து தூங்கும் பிள்ளைக்கு நள்ளிரவு தாண்டி சர்க்கரை இறங்கும். களைப்பில் அது தெரியாது, எழுந்து சொல்லவும் மாட்டாது. அன்றிரவு இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா, எத்தனை மணிக்கு எழுப்பிப் பரிசோதிக்க வேண்டும் என்பதை டிக்கெட் புக் செய்யும்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிச் செய்தி: லோ ஆனால்...

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை போதும். சிறு குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

கடலை மிட்டாயும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 டிகிரிக்குக் கீழே வைத்தால் பெரும்பாலான வகைகள் 28 நாள்வரை கெடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வீணாகிவிடும். ஐஸ் கட்டி மேல் நேராக வைத்து உறைந்துபோனாலும் வீண்தான்.

சூடு தெரியாத கால்கள்

தண்ணீர் பூங்காக்களில் செருப்புக்குத் தடை. சறுக்குக்குச் சறுக்கு வெறுங்காலில்தான் நடக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்து மதியத்தில் சிமென்ட் தரையும் இரும்புப் படிக்கட்டும் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். நாம் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடிவிடுவோம். பத்து, பதினைந்து வருடமாக சுகர் உள்ள அப்பா ஓடமாட்டார். காலில் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. பேரனோடு கைகோத்து நிதானமாக நடந்து வருவார். இரவு காலைக் கழுவும்போதுதான் உள்ளங்கால் கொப்புளம் கண்ணில் படும். அந்தக் கொப்புளம் உடைந்து, புண்ணாகி, சீழ் பிடித்து, விரலை எடுக்கும் நிலைவரை போகலாம். சர்க்கரை நோய்க்காரர்களின் கால் இழப்புக் கதைகள் பலவும் இப்படிக் கவனிக்காமல் விட்ட சின்னக் காயத்தில்தான் தொடங்குகின்றன.

இதற்குத் தீர்வு கோடிக்கணக்கில் முதலீடு கேட்பதில்லை. நடைபாதையில் நிழல் வலை, தொடர்ந்து தண்ணீர் தெளிப்பு, பிடிப்புள்ள ரப்பர் செருப்புக்கு அனுமதி. நீச்சலுக்கென்றே விற்கும் ரப்பர் ஷூக்களை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு போவது நல்லது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் சிக்கல் வேறு. வெயிலில் தாகம் எடுக்கும், ஆனால் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. ‘உடம்புக்கு நல்லது’ என்று உறவினர்கள் வாங்கித் தரும் இளநீர் அவர்களுக்கு ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் வேலை செய்யாத சிறுநீரகத்தால் வெளியேறாமல் தங்கி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் நுழைவுப் பட்டையையோ லாக்கர் சாவிப் பட்டையையோ இறுக்கிக் கட்டவும் கூடாது. ‘இன்னொரு கையில் கட்டுங்கள்’ என்று சொன்னால் ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்காத ஊழியர் அமைந்தாலே அவருக்கு அன்றைய பொழுது நிம்மதியாகத் தொடங்கும்.

மலையடிவாரத்தில் குளிர்ந்த தண்ணீர்

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபணுக்கூறு இருப்பதை 1952-லேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கூடலூரில் பழங்குடி மக்களுக்காக இயங்கும் அஸ்வினி மருத்துவமனை பல ஆண்டுகளாக இந்த நோயாளிகளைக் கவனித்து வருகிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இந்நோயை ஒழிக்க ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த நோயுள்ள பிள்ளைகளும் மலையிலிருந்து பஸ் பிடித்து அடிவாரத்துத் தண்ணீர் பூங்காவுக்குப் பள்ளி டூர் வருகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் நனைந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்கள் அங்கே அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் எலும்பு வலி சாதாரண வலியல்ல, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய வலி. நனைந்த துணியோடு காற்றில் நின்றாலும், தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டாலும் இதே கதைதான். அதற்காகக் குழந்தையைக் கரையில் உட்காரவைக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரம் நனையட்டும். ஏறியதும் துடைத்து உலர்ந்த துணி மாற்றி, நிறையத் தண்ணீர் கொடுத்து, வெயில் படும் இடத்தில் உட்காரவைக்க ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றால் போதும். அந்த ஆசிரியருக்கு நோய் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வலிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் மௌனம் இன்னும் கெட்டியானது. பெண் பிள்ளை என்றால் சொல்லவே மாட்டார்கள், நாளை கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்ற பயம். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் இடுப்பளவு ஆழம்கூட உயிரைக் குடித்துவிடும். ரைடு விளக்குகளின் மினுக்கலைப் பற்றித்தான் பலரும் பயப்படுகிறார்கள். வலிப்பு உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்குத்தான் அப்படி ஒளியால் தூண்டப்படுகிறது. அதைவிடப் பெரிய காரணம் தூக்கக்கேடு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் விழித்திருந்து, பாட்டுப் பாடி, விடியற்காலை பெங்களூருவிலோ கொச்சியிலோ இறங்கி நேராகக் குளத்துக்குள் குதிப்பது வலிப்பு உள்ள மாணவருக்கு மிகவும் ஆபத்தான திட்டம். மாத்திரை வேளை தவறாமல், முந்தின இரவு படுத்துத் தூங்கி, விஷயம் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கரையில் நிற்கும் லைஃப் கார்டிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்க வேண்டும்.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா உள்ள பையன்களுக்கு டூர் நாளன்று காலையில், ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஊசி போட்டுக்கொள்வது பற்றி முன்பே பேசித் திட்டமிட வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. மோதும் கார்களும் தலையை உலுக்கும் ரைடுகளும் அவர்களுக்கு வேண்டாம்.

பெட்டிச் செய்தி: ரோலர் கோஸ்டரும் கிட்னி கல்லும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வார்ட்டிங்கர், டிஸ்னி வேர்ல்டின் பிக் தண்டர் மவுன்ட்டன் ரோலர் கோஸ்டரில் ஏறிய ஒரு நோயாளிக்குச் சிறுநீரகக் கற்கள் வெளியேறியதைக் கேள்விப்பட்டார். சிலிக்கோனில் சிறுநீரக மாதிரி செய்து, அதில் கற்களை வைத்து, அதே ரைடில் பலமுறை ஏற்றிப் பார்த்தார். 2016-ல் முடிவு வெளியானது. கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது 64 சதவிகிதம் கற்கள் நகர்ந்து வெளியேறின. முன்வரிசையில் 17 சதவிகிதம் மட்டுமே.

மாதிரி உறுப்பில், ஒரே ஒரு ரைடில், சிறிய கற்களை வைத்துச் செய்த சோதனை இது. பெரிய கல் குழாயில் வந்து அடைத்துக்கொண்டால் வலி உயிர் போகும். டாக்டரைப் பார்க்காமல் ரோலர் கோஸ்டரில் ஏறி வைத்தியம் பார்க்க வேண்டாம்.

யார் ஏறவே கூடாது?

சமீபத்தில் இதய அறுவை சிகிச்சை ஆனவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தக்குழாயில் வீக்கம் இருப்பவர்கள், கழுத்து, முதுகெலும்புச் சிக்கல் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள் ஆகியோருக்கு அதிவேக ரைடுகள் கண்டிப்பாக வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. ரைடு ஏறினால் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இதயத் துடிப்பு கிடுகிடுவென்று எகிறும். அடைப்பு உள்ள இதயம் அதைத் தாங்காது.

இந்தப் பட்டியல் ரைடு வாசலில் ஒரு பலகையில் எழுதியிருக்கும். ‘இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், பிற நோயாளிகளுக்கு அனுமதி இல்லை.’ அந்த ‘பிற நோயாளிகள்’ என்ற இரண்டு சொல்தான் தொல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரும் அதில் அடங்குவாரா? எந்த ரைடில் எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், தலை குப்புறப் போகுமா, காந்த பிரேக் உண்டா என்று இணையதளத்தில் போட்டுவிட்டால், அந்தப் பக்கத்தைக் காட்டி டாக்டரிடம் கேட்க முடியும். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘அதெல்லாம் எதுக்கு?’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். எது முடியும், எப்படி முடியும் என்று ஐந்து நிமிடம் பேசி அனுப்புங்கள்.

ஆர்லாண்டோவில் நடந்தது

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. நீண்ட வரிசையில் நிற்க முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு, அமெரிக்காவின் ஆர்லாண்டோ உள்ளிட்ட இடங்களிலுள்ள டிஸ்னி பூங்காக்கள் நெடுங்காலம் ஒரு உதவி அட்டை கொடுத்து வந்தன. சில பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டிப் போன செய்தி 2013-ல் அம்பலமானது. அந்த அக்டோபரிலேயே விதியை மாற்றினார்கள். வரிசையில் நிற்காமல், குறித்துக் கொடுத்த நேரத்துக்கு வந்து ஏறிக்கொள்ளலாம் என்ற முறை வந்தது. பிறகு 2024-ல் இன்னும் இறுக்கினார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முக்கியமாக அந்தச் சலுகை என்றானது. குடல் அழற்சி நோயால் அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியவர்கள், நின்றால் மயக்கம் வருபவர்கள் எனப் பலர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் போனது. ஏமாற்றியவர்கள் செய்த தவறுக்கு, கண்ணுக்குத் தெரியாத நோயோடு இருப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

அதே ஆர்லாண்டோவில் ஒவ்வொரு ஜூலையிலும் டைப் 1 குடும்பங்கள் கூடும் மாநாடு ஒன்று நடக்கிறது. நோய் உள்ளவர்கள் எல்லோரும் கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொள்வார்கள். அந்த வாரம் பூங்காக்களில் பச்சைப் பட்டை கண்ணில் படும் இடமெல்லாம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்கிறார்கள். சட்டைக் கையை இழுத்துச் சென்சாரை மறைக்கும் அவசியம் அங்கே யாருக்கும் இல்லை.

நம் ஊரில் வரிசையைத் தாண்ட பெரும்பாலும் ஒரே வழிதான். கூடுதல் பணம் கட்டி ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்க வேண்டும். நோய்க்கு மாதா மாதம் செலவழிக்கும் குடும்பம், நிற்க முடியாததற்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பது நியாயமே இல்லை. வரிசையில் நிழலும், நடுநடுவே உட்கார பெஞ்சும், கழிவறைக்குப் போய்விட்டுத் தன் இடத்துக்கே திரும்ப ஒரு டோக்கனும் கொடுத்தால் சலுகை அட்டையின் தேவையே பாதி குறைந்துவிடும். ஏமாற்றவும் அதில் ஒன்றும் இல்லை.

சட்டம் எதுவரை வரும்?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் அதில் உண்டு. பொழுதுபோக்கில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைச் சட்டத்தின் 29-வது பிரிவு பேசுகிறது. டைப் 1 சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் வாசலில் நிற்பவரின் நல்ல மனதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

வெளி உணவு விஷயத்தில் சுட்டிக்காட்ட ஒரு தீர்ப்பு உண்டு. திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைகளுக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் குறிப்பிட்டது. தியேட்டருக்குச் சொன்னதுதான். ஆனாலும் உயிர் காக்கும் உணவைத் தின்பண்டத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று வாதாட அதில் இடம் இருக்கிறது. ‘மருத்துவ உணவுக்கு அனுமதி உண்டு’ என்று ஒரு வரியைப் பூங்காக்கள் டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட்டால் வாதமே தேவைப்படாது.

பள்ளி டூரில் யார் விடுபடுகிறார்கள்?

குடும்பத்தோடு போகும் பிள்ளைக்கு அம்மா இருக்கிறார். டூர் போகும் பிள்ளைக்கு? டைப் 1 என்று தெரிந்ததும் ‘நீங்களும் கூட வந்தால் கூட்டிப்போகிறோம்’ என்று பள்ளிகள் சொல்வது சகஜம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது ‘வர வேண்டாம்’ என்பதற்குச் சமம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், டைப் 1 உள்ள மாணவர்கள் வகுப்பறையில் சர்க்கரை பரிசோதிக்கவும், இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் அனுமதிக்கச் சொன்னது. வகுப்பறைக்குச் சொன்னது டூர் பஸ்ஸுக்கும் பொருந்தத்தானே வேண்டும்?

ஆசிரியருக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். கை நடுங்கி, வியர்த்து, காரணமில்லாமல் எரிச்சல்பட்டால் சர்க்கரை இறங்குகிறது. குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது. முதலில் யாரைக் கூப்பிட வேண்டும். கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். பெற்றோரோ, மாணவரோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸோ யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். டூர் சம்மதப் படிவத்தில் நோய், மருந்து, அவசர எண் மூன்றுக்கும் இடம் இருக்க வேண்டும். அதை நிரப்பியதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிட மாட்டோம் என்று தலைமை ஆசிரியர் எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் பெற்றோர்கள் நோயை மறைத்துத்தான் அனுப்புவார்கள், ஆபத்து இரண்டு மடங்காகும்.

இதையெல்லாம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பஸ் புக் செய்து, பணம் கட்டி, டிசம்பரில் கிளம்பும் நேரத்தில் கேட்டால், பிள்ளையை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் பள்ளிக்குச் சுலபமான வழியாகப் படும்.